தோட்டத்தில் உழைத்த உடம்புக்கு விளையாட்டு எதற்கு?

9 ஆகஸ்ட் 2024, வெள்ளி, காலை 10.12
வாசகர் ஒருவரின் கேள்வி:

பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் மலேசியப் பேட்மிண்டன் ஜோடி பெர்லி டானும் தீனாவும் வெண்கல ஆட்டத்தில் தோற்றதிலிருந்து கெடாவின் பீடோங்கில் இருக்கிற அத்தனை பேரும் ராக்கெட்டைத் தூக்கிக்கொண்டு டேவானுக்கு (ஆட்ட மண்டபம்) ஓடுகிறார்கள். நாற்பது, ஐம்பது வயது ஆள்கள், தொப்பையோடு. என் அப்பா முப்பது வருஷம் கித்தா மரம் வெட்டினார், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தார். ஒரு நாள் பந்தைத் தொட்டதில்லை. உழைக்கிற உடம்புக்குத் தனியாக விளையாட்டு தேவையே இல்லை, இதெல்லாம் வேலை இல்லாதவன் செய்கிற வேலை. மறுத்துச் சொல்ல ஆள் உண்டா?

9 ஆகஸ்ட், இரவு 9.40

உண்டு. நீங்கள் சொல்கிற தொப்பை ஆள்களில் நானும் ஒருவன், அதனால் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

என் அப்பாவும் மரம் வெட்டியவர்தான். பீடோங் பக்கத்துத் தோட்டம், லயத்து வீடு, வெள்ளென எழுந்து பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்பு) போய், இருட்டோடு தீம்பாருக்குள் (கித்தாக் காடு) நுழைந்து ஐந்நூறு மரத்துக்கு மேல் வெட்டுவார். ஒவ்வொரு மரத்திலும் அதே குனிவு, அதே பக்கம், அதே மணிக்கட்டு. பட்டை கீழே இறங்க இறங்க இடுப்பும் கீழே இறங்கவேண்டும். அப்புறம் பாலைச் சேர்த்து, காண்டாக் கம்பில் இரண்டு வாளியை மாட்டிக்கொண்டு, மேடு பள்ளம் பார்க்காமல் நிறுக்கிற இடத்துக்கு நடை. அவரை எல்லாரும் இரும்பு உடம்பு என்றார்கள். அறுபது வயதுக்கு முன்னாலேயே இரும்புக்கு ரத்தக்கொதிப்பு, முழங்கால் இரண்டும் மடங்காது, ராத்திரி படுத்தால் இடுப்பைத் திருப்ப அம்மா கை கொடுக்கவேண்டும். உழைப்பே போதும் என்றால் இந்த ஊரில் அந்தத் தலைமுறை ஆள்கள் எல்லாரும் இன்றைக்கு ஓடிக்கொண்டல்லவா இருக்கவேண்டும். கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டி நம்பர் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களைப் போய்ப் பாருங்கள், பாதிப்பேர் அவர்கள்தான்.

இதை டென்மார்க்கில் உட்கார்ந்து எண்ணியே பார்த்திருக்கிறார்கள். கோபன்ஹேகன் ஆய்வு, 2021 ல் வெளிவந்தது, 104,046 பேரைச் சுமார் பத்து வருடம் பின்தொடர்ந்தார்கள். ஓய்வு நேரத்தில் ஓடி ஆடியவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் மாதிரியானவை குறைந்தன. வேலையில் மிகக் கடுமையாக உடம்பை வருத்தியவர்களுக்கு, உட்கார்ந்து வேலை செய்தவர்களைவிட 35 விழுக்காடு கூடுதல். அசைவு இரண்டிலும் உண்டு, விளைவு மட்டும் நேர்மாறு.

10 ஆகஸ்ட், சனி, காலை 7.05

ஒருவர் "டென்மார்க்காரன் கித்தா மரத்தைப் பார்த்திருப்பானா" என்று கேட்டிருக்கிறார். பார்த்திருக்கமாட்டான். அந்த ஆய்வு காரணத்தை நிரூபிக்கிற வகையும் இல்லை, கூடவே வந்ததைக் கணக்கெடுக்கிற வகைதான். கடும் உடல் வேலை செய்கிறவன் பெரும்பாலும் ஏழை, புகை பிடிப்பான், டாக்டரிடம் தாமதமாகப் போவான். அதையெல்லாம் கழித்துப் பார்த்தோம் என்கிறார்கள், முழுக்கக் கழிக்க முடியுமா என்பது வேறு பேச்சு.

ஆனால் அவர்கள் சொல்கிற விளக்கம் எனக்கு நம்பும்படி இருக்கிறது. வேலையில் பளு தூக்கும்போதும் குனிந்தபடி நிற்கும்போதும் ரத்த அழுத்தம் மணிக்கணக்கில் ஏறியே கிடக்கிறது, இறங்க இடைவெளி இல்லை. மறுநாள் காலை திரும்பவும் அதே. விளையாட்டில் இருபது நிமிடம் இதயத்தை நன்றாக ஓடவிட்டு, உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, பிறகு மறுபடி எழுகிறோம். இன்னொன்றும் இருக்கிறது, இதை எந்த ஆய்வும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்: விளையாட்டில் போதும் என்று நீயே நிறுத்தலாம். தீம்பாரில் கங்காணி நிறுத்தச் சொல்லவேண்டும்.

10 ஆகஸ்ட், மாலை 6.30

கேட்டவருக்கு ஒரு கேள்வி. உங்கள் அப்பா உழைத்தார், சரி. நீங்கள்?

10 ஆகஸ்ட், இரவு 11.15

பதில் வந்துவிட்டது. கூலிம் ஹைடெக் தொழிற்பேட்டையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், பஸ்ஸில் ஏறினால் தூக்கம், இறங்கினால் தூக்கம். அப்படியானால் முப்பது வருஷம் மரம் வெட்டிய கணக்கு உங்கள் அப்பா உடம்பில்தான் இருக்கிறது, உங்கள் பேரில் மாற்றி எழுதித் தரமாட்டார்கள். பினாங்குப் பாலம் கட்டிய தலைமுறை, கித்தா போட்ட தலைமுறை என்று பெருமை பேசுகிற நம்மில் பலர் இன்று நாற்காலியில் அல்லது மெஷின் முன்னால் ஒரே இடத்தில். 2023 சுகாதார ஆய்வில் நாட்டில் பெரியவர்களில் 54.4 விழுக்காடு அதிக எடை அல்லது உடல்பருமன், 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, மூன்றில் ஒருவர் போதுமான அளவு உடலை அசைப்பதில்லை. நம் இனத்தில் நீரிழிவு எப்படி என்று நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை, கல்யாண வீட்டில் பாயசம் வரும்போது எத்தனை பேர் கையை மூடுகிறார்கள் என்று பார்த்தாலே போதும். (மூடிவிட்டு, யாரும் பார்க்காதபோது குடிக்கிறார்கள். அதுவும் தெரியும்.)

13 ஆகஸ்ட், செவ்வாய்

ஷிப்ட் ஆள்கள் எப்போது விளையாடுவது என்று இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். சுங்கைப் பட்டாணியில் ராத்திரி பதினொரு மணிக்கு ஃபுட்சால் ஆடுகிறார்களே, பாதி அணி ஃபேக்டரி ஆள்கள்தான். ஆனால் ஒரு மணிக்கு ஆட்டம் முடித்து நேரே போய்ப் படுத்தால் தூக்கம் சட்டென வராது, உடம்பு சூடாக இருக்கும், மண்டையில் இன்னும் கோல் விழுந்துகொண்டே இருக்கும். ஓய்வு நாளில் இரண்டு தடவை நீளமாக ஆடினாலும் பலன் உண்டு என்று வார இறுதியில் மட்டும் விளையாடுகிறவர்களைப் பற்றிய ஆய்வுகள் சொல்கின்றன, ஆகவே தினமும் முடியவில்லையே என்று முழுக்க விட்டுவிடாதீர்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2020 ல் சொன்ன அளவு, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான அசைவு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையானது, கூடவே இரண்டு நாளாவது தசைக்குப் பயிற்சி. இதை ஒரே மூச்சில் முடிக்கவேண்டும் என்று எங்கும் இல்லை.

16 ஆகஸ்ட், வெள்ளி, காலை

இன்றைக்கு நம் கெடாவில் வாரவிடுமுறை, டேவானில் இடம் கிடைக்காது, அதனால் உட்கார்ந்து பழங்கதை எழுதுகிறேன்.

தோட்டத்துத் திடல். கோயிலுக்கும் ஆயாக்கொட்டகைக்கும் (குழந்தைகளை விட்டுச்செல்லும் இடம்) நடுவில், ஒரு பக்கம் சாய்ந்த புல்தரை. பந்து சாய்வுப் பக்கம் போனால் அல்லூரில்தான் (சாக்கடை) நிற்கும், அதனால் டாஸ் வென்றவன் எப்போதும் மேட்டுப் பக்கம் கேட்பான். மத்தியானம் வேலை முடிந்து, குளித்து, பசியாறி, ஒரு தூக்கம் போட்டு, ஐந்து மணிக்கு ஆள்கள் வர ஆரம்பிப்பார்கள். சப்பாத்து உள்ளவன் நாலு பேர். கிராணி (தோட்டத்து எழுத்தர்) வீட்டுப் பையனும் மரம் வெட்டுகிறவரும் ஒரே அணியில், அதுவும் மரம் வெட்டுகிறவர் கத்துவார், கிராணி மகன் கேட்டுக்கொள்வான். பகலில் இது நடக்காது. வயதான ஆள்கள் ஓரத்தில் சடுகுடு போடுவார்கள், மூச்சு விடாமல் பாடி, விழுந்து, மண் ஒட்டிய முதுகோடு சிரிப்பார்கள். பகலெல்லாம் வளைந்த முதுகை எதிர்ப்பக்கம் வளைக்கிற ஒரே நேரம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

என் அப்பா ஆடமாட்டார். ஓரத்தில் நின்று பார்ப்பார். அவர் வயதில் சடுகுடு ஆடிய சிலரும் முட்டி வலி என்றார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். விளையாடினால் முட்டி வராது என்று நான் சொல்லவில்லை.

அக்கம்பக்கத்துத் தோட்டத்தோடு பந்தாட்டம் என்றால் லோரியில் ஏறிப் போவோம். தோற்றுவிட்டு வரும்போது லோரியில் ஒரு சத்தமும் இருக்காது, ஜெயித்தால் பெரட்டுக்களம் வரைக்கும் பாட்டு. அந்தக் காலத்தில் எங்கள் கோல்கீப்பர் ஒவ்வொருவனும் தன்னை ஆறுமுகம் என்று நினைத்துக்கொள்வான், 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற அணியின் கோல்கீப்பர். நாடு புறக்கணித்ததால் அவர்கள் மாஸ்கோ போகவில்லை, அது பெரியவர்கள் இன்றும் பெருமூச்சு விடுகிற கதை.

16 ஆகஸ்ட், மாலை

மேலே எழுதியதை வீட்டில் படித்துக் காட்டினேன். "திடலில் நான் எங்கே?" என்றாள் மனைவி. அவளும் பக்கத்துத் தோட்டம்தான்.

சரியான கேள்வி. பெண்களும் அதே ஐந்நூறு மரத்தை வெட்டினார்கள், அதே வாளியைத் தூக்கினார்கள். மத்தியானத் தூக்கம் அவர்களுக்கு இல்லை. விறகு, துணி, சமையல், பிள்ளை. ஐந்து மணிக்கு நாங்கள் திடலுக்குப் போகும்போது அவர்கள் குழாயடியில். பள்ளி விளையாட்டுப் போட்டியில் ஓடி முதலாவதாக வந்த பிள்ளையைக்கூட வயதுக்கு வந்ததும் நிறுத்திவிட்டார்கள். இத்தனைக்கும் 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் 400 மீட்டரில் தங்கம் வாங்கியவர் எம். இராஜாமணி, நம்ம பொண்ணு என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். சொந்த வீட்டுப் பெண்ணை மட்டும் விடமாட்டார்கள்.

மனைவி இப்போது எங்கள் தாமானில் (வீடமைப்புப் பகுதி) காலை ஏழு மணிக்கு மற்ற பெண்களோடு செனாம்ரோபிக் (பாட்டுக்குச் செய்யும் உடற்பயிற்சி) ஆடுகிறாள். பாட்டுச் சத்தம் பக்கத்து வீட்டு மாமாவுக்குத் தொந்தரவாம். அவர் பேரப்பிள்ளையின் மோட்டார் சைலன்சர் எங்களுக்குத் தொந்தரவு, கணக்கு சரி.

19 ஆகஸ்ட், திங்கள்

ஒருவர் பெரிய ஆதாரம் போல ஒரு பட்டியலைப் போட்டிருக்கிறார். கோபன்ஹேகனின் இன்னொரு ஆய்வு, 2018. அசையாதவர்களோடு ஒப்பிட்டால் டென்னிஸ் ஆடுகிறவர் 9.7 வருடம் கூடுதலாக வாழ்ந்தார், பேட்மிண்டன் 6.2, கால்பந்து 4.7, சைக்கிள் 3.7, நீச்சல் 3.4, மெதுவோட்டம் 3.2, ஜிம் 1.5.

எண்கள் சரிதான், நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் டென்னிஸ் ஆடுகிறவன் யார் என்று யோசியுங்கள். நம் தோட்டத்தில் டென்னிஸ் கோர்ட் துரை பங்களாவில் இருந்தது. அங்கே ஆடியவர் பத்து வருஷம் கூடுதலாக வாழ்ந்திருந்தால் ராக்கெட் மட்டுமா காரணம்? சமைக்க ஆள், ஓட்ட டிரைவர், காய்ச்சல் வந்தால் தோட்டத்து ஆஸ்பத்திரி டாக்டரே வீட்டுக்கு வருவார். ஆய்வாளர்களே இதைக் காரணம் என்று எடுத்துக்கொள்ளவேண்டாம் என்றுதான் எழுதியிருக்கிறார்கள்.

அந்தப் பட்டியலில் எனக்குப் பிடித்தது வேறு. மேலே இருக்கிற மூன்றுக்கும் இன்னொரு ஆள் வேண்டும். டென்னிஸை, பேட்மிண்டனைத் தனியாக ஆட முடியாது. ஜிம்மில் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு யாரோடும் பேசாமல் வந்துவிடலாம், அது கடைசியில் கிடக்கிறது. ஆள் சேர்வதில் ஏதோ இருக்கிறது என்று ஆய்வு எழுதியவர்களும் சந்தேகப்படுகிறார்கள். எனக்குச் சந்தேகமே இல்லை, ஏனென்று அப்புறம் எழுதுகிறேன், இப்போது டேவான் நேரம்.

23 ஆகஸ்ட், வெள்ளி

"அப்புறம்" என்று சொல்லிவிட்டுக் காணாமல் போய்விட்டேன் என்று கிண்டல். எழுதுகிறேன்.

தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டு, கித்தாவை அழித்துச் செம்பனை போட்டு, செம்பனைக்கு வெளியூர் ஆள்களைக் கொண்டுவந்து, நாங்கள் பிளாட்டுக்கும் தாமானுக்கும் வந்தோமே, அந்தக் காலத்தில் எனக்கு வேலையும் போனது. புது இடத்தில் பக்கத்து வீட்டில் யார் என்று தெரியாது. காலையில் எழுந்தால் எங்கேயும் போகவேண்டியதில்லை. எங்கேயும் போகவேண்டியதில்லை என்பது எவ்வளவு கனமான விஷயம் என்று அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். நான் குடிக்கவில்லை, ஆனால் என்னோடு திடலில் ஆடிய பலர் சம்சு சாராயத்தில் போய்ச் சேர்ந்தார்கள். பந்து இருந்திருந்தால் காப்பாற்றியிருக்கும் என்று சொல்லமாட்டேன், அவ்வளவு எளிதாக இருந்தால் கள்ளுக்கடைக்குப் பக்கத்திலேயே திடல் இருந்த தோட்டத்தில் யாரும் குடித்திருக்கக்கூடாது.

என்னை வெளியே இழுத்தது ஒரு போன். "அண்ணே, மூணு பேர்தான் இருக்கோம், ஒரு ஆள் குறையுது, வாங்க." அவ்வளவுதான். என் மனநிலையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நாலாவது ஆள் இல்லாவிட்டால் இரட்டையர் ஆட்டம் நடக்காது, அதனால் கூப்பிட்டார்கள். நான் போகாவிட்டால் மூன்று பேருக்கு ஆட்டம் கெடும் என்ற ஒரே காரணத்துக்காகச் சட்டையை மாட்டினேன். மருந்து நீ வந்தாயா என்று கேட்காது, ஓட்டமும் கேட்காது, இரட்டையர் ஆட்டம் கேட்கும். விளையாட்டைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது உண்மையில் இது ஒன்றுதான். மேலே எழுதின சர்க்கரை, கொழுப்பு எல்லாம் இதற்குப் பின்னால் தானாக வருகிறது.

23 ஆகஸ்ட், இரவு

மனநலத்துக்கு ஆதாரம் கேட்டவருக்கு: 2018 ல் லான்செட் மனநல இதழில் அமெரிக்காவில் 12 லட்சம் பேரின் விவரத்தை வைத்து ஒரு கட்டுரை. உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கு மாதத்தில் மனம் சரியில்லாத நாள்கள் 43.2 விழுக்காடு குறைவு. வகை பிரித்தால் குழு விளையாட்டுதான் முதல். ஒரு தடவைக்கு 45 நிமிடம், வாரத்தில் மூன்று முதல் ஐந்து நாள், அது நல்ல அளவு. ஒரு நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல் போனவர்களின் நிலை ஒன்றுமே செய்யாதவர்களைவிட மோசம். இதுவும் கணக்கெடுப்புதான், மனம் நன்றாக இருப்பவன்தான் விளையாடப் போகிறான் என்றும் வாதிடலாம். அதற்குப் பதில் சொல்கிற மாதிரி 1999 ல் அமெரிக்காவிலேயே மனச்சோர்வு உள்ள 156 முதியவர்களைப் பிரித்து, சிலருக்கு மாத்திரை, சிலருக்குப் பயிற்சி, சிலருக்கு இரண்டும் கொடுத்துப் பார்த்தார்கள். 16 வாரத்தில் மூன்று குழுவும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியது, மாத்திரை மட்டும் முதல் சில வாரங்களில் வேகமாக வேலை செய்தது.

ஆகவே மாத்திரை சாப்பிடுகிறவர் யாரும் இதைப் படித்துவிட்டு நிறுத்தவேண்டாம். நம் நாட்டின் 2023 சுகாதார ஆய்வில் மனச்சோர்வு 4.6 விழுக்காடு, 2019 ல் 2.3 ஆக இருந்தது, அதாவது இரட்டிப்பு. சாகவேண்டும் என்று நினைப்பு வருகிறவருக்கு ராக்கெட்டைக் கொடுத்து அனுப்பாதீர்கள், கூடவே கிளினிக்குக்குப் போங்கள், போனில் பேசவேண்டும் என்றால் சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555.

24 ஆகஸ்ட், சனி

அந்த அமெரிக்கக் கட்டுரையில் வீட்டு வேலைக்கும் சுமார் 10 விழுக்காடு பலன் போட்டிருக்கிறார்கள். மனைவியிடம் சொன்னேன். அப்படியானால் அந்தப் பலனை நீங்களும் அடையுங்கள் என்று விளக்குமாற்றைக் கொடுத்துவிட்டாள்.

30 ஆகஸ்ட், வெள்ளி

சர்க்கரை உள்ளவர்கள் கேட்டதற்கு மொத்தமாக ஒரு பதில். எனக்கும் இருக்கிறது, டாக்டர் இல்லை, எனக்குச் சொல்லப்பட்டதைச் சொல்கிறேன்.

தசை வேலை செய்யும்போது இன்சுலின் அதிகம் தேவைப்படாமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், ஆட்டம் முடிந்த பிறகும் பல மணி நேரம் இன்சுலினுக்கு உடம்பு நன்றாகக் கேட்கும். அதனால்தான் வாரம் ஒரு தடவை சாகிற மாதிரி ஆடுவதைவிட இரண்டு நாளுக்கு ஒரு தடவை ஆடச் சொல்கிறார்கள். ஆனால் இன்சுலின் போடுகிறவர்கள், கிளிக்லசைட் மாதிரி மாத்திரை எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் ஆடினால் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும். கை நடுக்கம், குளிர் வியர்வை, பேச்சு குழறல். எங்கள் டேவானில் ஒருவருக்கு இது வந்தபோது தோற்ற கோபத்தில் முகம் சுளிக்கிறார் என்று நினைத்து இன்னொரு செட் போடலாமா என்று கேட்டிருக்கிறார்கள். பையில் இனிப்பு வைத்திருங்கள். ஆட்டத்துக்கு முன் விரலைக் குத்திப் பாருங்கள். சப்பாத்துக்குள் காலுறை போடுங்கள், கொப்புளத்தைச் சாதாரணமாக விடாதீர்கள்.

மற்றபடி ஒரு மணி நேர ஆட்டத்துக்கு இனிப்பு பானம் தேவையில்லை, தண்ணீர் போதும். ஆட்டம் முடித்து மாமாக் கடையில் தே தாரிக், ரொட்டி சானாய் இரண்டு, குழம்பு ஊற்றி. அங்கேயே எரித்தது எல்லாம் திரும்ப வந்துவிடும். நான் தே ஓ கோசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்) சொல்கிறேன், ரொட்டியைப் பற்றிக் கேட்காதீர்கள்.

6 செப்டம்பர், வெள்ளி

காயம் பற்றி எழுதவேயில்லை, எல்லாம் நல்லது நல்லது என்றே போகிறது என்று கேள்வி கேட்டவர் மடக்கியிருக்கிறார். நியாயம்.

பேட்மிண்டனில் நடுத்தர வயதுக்காரர்களுக்குப் பயப்படவேண்டியது குதிகால் நரம்பு என்று நாம் சொல்கிற அக்கிலீஸ். பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி இருக்கும், திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. வருஷக்கணக்கில் உட்கார்ந்தவன் முதல் நாளே பாய்ந்து ஸ்மாஷ் அடித்தால் இதுதான். பத்து நிமிடம் மெதுவாக ஓடி, காலை நீட்டி, அரைக் கோர்ட்டில் தட்டிவிட்டு ஆரம்பிக்கச் சொன்னால் நம் ஆள்களுக்கு வெட்கம். நெஞ்சு அழுத்தம், இடது கை, தாடை வலி, காரணமில்லாத மூச்சிரைப்பு வந்தால் அந்தப் புள்ளியை முடித்துவிட்டு வருகிறேன் என்று நிற்கவேண்டாம். நாற்பதைத் தாண்டி, சர்க்கரை, கொதிப்பு, புகை ஏதாவது இருந்து புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் முதலில் ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

திடலில் ஆடுகிறவர்களுக்கு: ஜெராய் மலைப் பக்கம் கறுத்தால் வெளியேறுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் திரும்பவும் இறங்கலாம், கோல் கம்பத்துக்குக் கீழே ஒதுங்காதீர்கள். செம்பனைக்குக் கீழேயும் வேண்டாம்.

20 செப்டம்பர், வெள்ளி

பேச்சு எங்கெங்கோ போய் இப்போது பிள்ளைகளில் வந்து நிற்கிறது. "சுங்கைப் பட்டாணிப் பிள்ளை சிவசங்கரியைப் பாருங்கள், 2022 ல் கார் விபத்தில் கழுத்தெலும்பு வரைக்கும் அடிபட்டு, 2023 ல் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டில் ஸ்குவாஷ் தங்கம். நம் பிள்ளைகளையும் அப்படிக் கொண்டுவரவேண்டும்" என்கிறார் ஒரு அப்பா.

பெருமைதான், நானும் டிவி முன்னால் கத்தினவன். ஆனால் பதக்கம் வாங்கப்போகிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள், மற்றப் பிள்ளைகளுக்கு என்ன? நான் பார்ப்பது இது: பத்து வயதில் அழைத்துவந்து, கோச் வைத்து, கத்தி, மாவட்டத்தில் தேர்வாகவில்லை என்றதும் "போதும், டியூஷனுக்குப் போ" என்று ராக்கெட்டை அலமாரி மேல் போட்டுவிடுகிறார்கள். அந்தப் பிள்ளைக்கு விளையாட்டு என்றால் தோற்ற இடம் என்று ஆகிவிடுகிறது. எஸ்பிஎம் (பள்ளி இறுதித் தேர்வு) வருடத்தில்தான் அதற்கு ஒரு மணி நேர ஓட்டம் அதிகம் தேவை, அப்போதுதான் நிறுத்துகிறோம். சும்மா ஆடவிடுங்கள், புள்ளி எண்ணாமல். என் மகள் ஒழுங்காகச் சர்வீஸ் போடமாட்டாள், எங்களோடு வந்து சிரித்துவிட்டுப் போகிறாள், எனக்கு அது போதும்.

11 அக்டோபர், வெள்ளி

நாளைக்குத் தேசிய விளையாட்டு தினம். அக்டோபர் இரண்டாவது சனி, 2015 லிருந்து. டீ சட்டை கொடுப்பார்கள், செனாம்ரோபிக் போடுவார்கள், தலைவர்கள் இரண்டு நிமிடம் கையை ஆட்டுவார்கள், படம் எடுப்பார்கள். போங்கள், டீ சட்டை நல்ல துணி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை அந்தத் திடலுக்குக் கதவு திறந்திருக்குமா என்பதுதான் என் கவலை. எங்கள் பழைய தோட்டத்துத் திடலில் இப்போது செம்பனை. இங்கே தாமான்காரர்கள் ஆட இருக்கிற திடலின் சாவி யாரிடம் என்பது ஒவ்வொரு மாதமும் மாறுகிறது.

18 அக்டோபர், வெள்ளி

கேள்வி கேட்டவர் இரண்டு மாதம் கழித்து எழுதியிருக்கிறார். கருத்து மாறவில்லையாம், ஆனால் அப்பாவுக்கு 71 வயது, நாள் முழுக்க நாற்காலியில், முட்டி வலி, ராக்கெட்டெல்லாம் நடக்காது, என்ன செய்யலாம் என்று கேட்கிறார். கருத்து மாறாவிட்டால் பரவாயில்லை.

நடை போதும் அண்ணே. நடை விளையாட்டா என்று கேட்காதீர்கள், 1998 கோலாலம்பூர் காமன்வெல்த்தில் ஜி. சரவணன் 50 கிலோமீட்டர் நடையில்தான் தங்கம் வாங்கினார். அப்பாவுக்கு முதலில் வாசலிலிருந்து கோயில் வரைக்கும், வெயில் ஏறுவதற்கு முன், பிடிக்கிற சப்பாத்தோடு. தனியாக அனுப்பாதீர்கள், அதே வயதுக்காரர் ஒருவரைக் கூடச் சேர்த்துவிடுங்கள், பழைய தோட்டத்து ஆளாக இருந்தால் பேச்சு நிற்காது, நடையும் நிற்காது. வீட்டில் உறுதியான நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காரச் சொல்லுங்கள், முடியாவிட்டால் ஊன்றியே ஆரம்பிக்கட்டும், எண்ணிக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம். தொடை வலுத்தால் முட்டிக்குச் சுமை குறையும், விழுவதும் குறையும். முட்டி வீங்கிச் சூடாக இருந்தால் அன்றைக்கு வேண்டாம். கேரம் ஆடுவாரா? ஆடுவார் என்றால் வியாழன் ராத்திரி டேவான் பின்பக்கம் நாலைந்து பெரியவர்கள் போடுகிறார்கள், உடம்புக்கு ஒன்றும் இல்லை, ஆனால் அங்கே ஒரு ஆள் குறைகிறது, மெய்யாகவே குறைகிறது, சொல்லிப் பாருங்கள்.

அப்புறம் இறகுப் பந்து விலை ஏறிவிட்டது, பிளாஸ்டிக் போதும் என்று ஒரு கட்சி, இறகுதான் என்று இன்னொரு கட்சி. அதற்குத் தனியாக ஓர் இழை தொடங்குங்கள், இங்கே வேண்டாம்.